கடிதம் போய்ச் சேராத வாகனங்கள்

கிராமத்து வேலைக்கென்று ஒரு வாகனம் தேவைப்படும்போது எவரும் முதலில் நினைப்பது பிக்கப்பைத்தான். விதைநெல்லும் உரமூடையும் ஏற்றலாம். அவசரத்துக்கு நோயாளியையும் ஏற்றலாம். மணல் வழி, சேற்று வழி என்று பாராமல் போய் வரலாம். மாலையில் வேலை முடிந்ததும் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் அதை நிறுத்தி, திறப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் அன்றைய கவலை தீர்ந்தது என்றுதான் நாம் எல்லோரும் எண்ணுகிறோம். ஓடுகிற வாகனத்தில்தான் ஆபத்து உண்டு, நிற்கிற வாகனம் கட்டிப்போட்ட மாடு போன்றது என்பது பொதுவான நம்பிக்கை.

ஐக்கிய அமெரிக்காவில் இந்த நம்பிக்கை பொய்த்துப் போனது. 1990களிலும் அதற்குப் பின்னரும் தயாரிக்கப்பட்ட ஃபோர்ட் பிக்கப்களிலும் அதே கம்பனியின் வேறு வாகனங்களிலும், இயந்திரம் நிறுத்தப்பட்டு, திறப்பும் கழற்றப்பட்டு, பல மணி நேரம் கழிந்த பின்னரும் தீ மூண்டது. சில இடங்களில் வாகனம் மட்டும் எரிந்தது. சில இடங்களில் வாகனத்தோடு கொட்டகையும், கொட்டகையோடு வீடும் எரிந்தன. உயிரிழப்புத் தொடர்பாகவும் கம்பனிக்கு எதிராக வழக்குத் தொடுக்கப்பட்டது. 1999 தொடக்கம் 2009 வரை, கட்டங் கட்டமாக, 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருத்துவதற்காகக் கம்பனி மீள அழைக்க வேண்டியதாயிற்று.

இந்த வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்வது ஒரு கம்பனியைக் குறை கூறி மனம் ஆறுவதற்காக அன்று. குறைபாடுள்ள வாகனத்தைத் தயாரித்தவரே திரும்ப வரவழைத்து, பணம் வாங்காமல் திருத்திக் கொடுக்கும் ஏற்பாட்டை மீளழைப்பு என்கிறோம். அந்த ஏற்பாடு எதுவரை செல்கிறது, எந்த இடத்தில் களைத்து நின்றுவிடுகிறது, அப்படி நிற்கும்போது வெளியே விடப்படுபவர் யார் என்பவற்றை இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. கிராமத்தில் வாழ்பவர்களும் கிராமத்துக்காக உழைப்பவர்களும் இதைப்பற்றிச் சிந்திக்க வேண்டியவர்களாய் உள்ளோம்.

ஒரு சிறிய சுவிச்

அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலைகளில் சாரதி காலை எடுத்துவிட்டாலும் வாகனம் ஒரே வேகத்தில் ஓடும்படி செய்யும் கருவி ஒன்று அந்நாட்டு வாகனங்களில் சாதாரணமாக உண்டு. சாரதி பிரேக்கை மிதித்ததும் அக்கருவி உடனே விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்காகப் பிரேக் விளக்கின் சுவிச் இருக்கவே இருக்கிறது. அது வேலை செய்யாவிட்டாலும் ஆபத்து வரக்கூடாது என்பதற்காக, இரண்டாவது காவலாக இன்னொரு சிறிய சுவிச்சை ஃபோர்ட் கம்பனி பொருத்தியது. பிரேக் ஒயிலின் அமுக்கம் கூடும்போது மின்னைத் துண்டிக்கும் இந்தச் சுவிச்சைத் தயாரித்துக் கொடுத்தது ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற கம்பனி.

இந்தச் சுவிச்சின் ஒரு பக்கம் பிரேக் ஒயில். மறுபக்கம் மின் இணைப்புகள். இரண்டுக்கும் இடையே உள்ள தடுப்பு, தாளைப்போன்ற மெல்லிய படலம். ஒவ்வொரு தடவை பிரேக் மிதிக்கும்போதும் அந்தப் படலம் நெளிகிறது. ஆண்டுக்கணக்கில் நெளிந்த படலம் சில வாகனங்களில் வெடித்தது. வெடிப்பினூடாகப் பிரேக் ஒயில் மின் இணைப்புப் பக்கம் கசிந்தது. கசிந்த இடத்தில் உலோகம் அரித்தது. அரிப்பினூடாக மின் ஒழுகியது. ஒழுகிய மின் சூடேற்றியது. ஈற்றில் பிளாஸ்திக் உறை தீப்பற்றியது.

இதில் ஒரு விடயத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்தச் சுவிச்சுக்குப் பற்றரியிலிருந்து எந்நேரமும் மின் சென்றுகொண்டிருக்கும்படி பல வாகனங்களில் வயறிங் செய்யப்பட்டிருந்தது. திறப்பைக் கழற்றினாலும் மின் நிற்காது. வாகனம் ஓடாத நேரத்தில் அந்தக் கருவிக்கு எந்த வேலையும் இல்லை. ஆயினும் மின் மட்டும் காத்துக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்கென வைத்த இரண்டாவது காவலே வீட்டுக்குத் தீ வைக்கும் நிலை இவ்வாறுதான் உண்டாயிற்று.

இதற்குக் கண்ட பரிகாரமும் மிகச் சிறியதே. சுவிச்சுக்குச் செல்லும் வயரின் நடுவே ஒரு பியூஸ் சேர்த்த சிறு வயர்த் துண்டைச் செருகுவது பெரும்பாலான வாகனங்களுக்குப் போதுமானதாயிற்று. மின் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் பியூஸ் உருகும், தீ மூளாது. தேர்ந்த மெக்கானிக் ஒருவருக்கு இது சிறிது நேர வேலை. இவ்வளவு சிறிய வேலை இத்தனை இலட்சம் வாகனங்களுக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் பிடித்தது என்பதே எமது கேள்வி.

பத்து ஆண்டு, பல தவணை

மின் கோளாறினால் தீப்பற்றும் ஆபத்து அக்கம்பனிக்குப் புதிய விடயம் அன்று. 1996இல், 1988 தொடக்கம் 1993 வரையான மாதிரிகளில் திறப்புச் சுவிச் சோட் ஆகித் தீப்பற்றக்கூடும் என்ற காரணத்தால், ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்துச் சுமார் 87 இலட்சம் வாகனங்களை அது மீள அழைத்திருந்தது. பிக்கப்களும் அவற்றுள் அடங்கும்.

பிரேக் பக்கத்துச் சுவிச்சின் கதை 1999இல் தொடங்கிற்று. அவ்வாண்டில் 1992, 1993 மாதிரிகளைச் சேர்ந்த பெரிய கார்கள் 3 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மீள அழைக்கப்பட்டன. அதே வகைச் சுவிச் பிக்கப்களிலும் இருந்தது. ஆனால் பிக்கப்களின் முறை வர மேலும் ஐந்தாறு ஆண்டுகள் சென்றன. 2005 ஜனவரியில் சுமார் 8 இலட்சம் வாகனங்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் மேலும் 38 இலட்சம். 2006இல் 12 இலட்சம். 2007இல் 36 இலட்சம். 2009 ஒக்டோபரில் 45 இலட்சம் என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. எஃப்-150 என்னும் அந்நாட்டு விவசாயிகளின் பிரதான பிக்கப் இவற்றுள் முக்கிய இடம் பெற்றது.

ஒவ்வொரு தவணையிலும் “இன்னின்ன மாதிரிகளுக்கு மட்டுமே ஆபத்து” என்ற கருத்து மக்களிடம் போய்ச் சேர்ந்தது. பட்டியலில் தம் வாகனம் இல்லாதவர் நிம்மதியாக உறங்கினார். அடுத்த தவணையில் அவருடைய வாகனமும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு மாதிரியிலும் சுவிச் பொருத்தப்பட்ட விதம் வேறுபட்டது, ஆபத்தின் அளவும் வேறுபட்டது என்ற விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தீ மூண்டபின் பட்டியலை நீட்டுவது ஒரு முறை; ஒரே கருவி பொருத்தப்பட்ட எல்லா வாகனங்களையும் சந்தேகத்தின் பேரில் முதலிலேயே பார்ப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் கம்பனிக்குச் செலவு கூடும். முதலாவது முறையில் அந்தச் செலவு குடும்பங்களின் தலையில் விழுகிறது. எது நியாயம் என்று கேட்டால், எமது விடை இரண்டாவதே.

சட்டம் செய்த நன்மை

குறை சொல்லும்போது நிறையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்த மீளழைப்புகள் கம்பனிகளின் தயவினால் மட்டும் நடக்கவில்லை. 1965இல் றால்ஃப் நேடர் என்பவர் வாகனத் தயாரிப்பாளர்களின் அலட்சியத்தை அம்பலப்படுத்தி ஒரு நூல் எழுதினார். அதைத் தொடர்ந்து எழுந்த பொதுசன எதிர்ப்பின் மத்தியில் 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1970இல் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரச அமைப்பு உருவாயிற்று. குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டால் தயாரிப்பாளர் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பணம் வாங்காமல் திருத்த வேண்டும். செய்யாவிட்டால் அரசு கட்டாயப்படுத்தலாம். சாதாரண மனிதர் ஒருவர் அனுப்பும் முறைப்பாடும் பதிவு செய்யப்படுகிறது. முறைப்பாடுகள் ஒரே திசையைக் காட்டும்போது விசாரணை தொடங்குகிறது.

இந்தச் சுவிச் விடயத்திலும் அவ்வாறே நடந்தது. பிக்கப் எரிந்தவர்களும் கொட்டகை எரிந்தவர்களும் தனித்தனியே அனுப்பிய முறைப்பாடுகள் ஓரிடத்தில் குவிந்தபோதுதான் அவை ஒரே காரணத்தைச் சுட்டின. தம் வீட்டில் நடந்தது தமது கெட்ட காலம் என்று ஒவ்வொருவரும் வாளாவிருந்திருந்தால் பியூஸ் பூட்டிய வயர்த் துண்டு எவருக்கும் கிடைத்திராது. முறைப்பாடு செய்வது வம்பு வளர்ப்பது அன்று, பொதுப்பணி என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஐம்பது இலட்சம் வாகனங்கள்

இனி நாம் சொல்ல வந்த விடயத்துக்கு வருவோம். 2008 பெப்ரவரியில் அந்த அரச அமைப்பு ஒரு பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. மீள அழைக்கப்பட்ட ஃபோர்ட் வாகனங்களுள் ஏறக்குறைய 50 இலட்சம் இன்னும் திருத்தப்படாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன, உரிமையாளர்கள் தாமதிக்காமல் முகவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. அறிவித்தல் போயிற்று, சட்டம் இருந்தது, திருத்தம் இலவசம், ஆயினும் 50 இலட்சம் வாகனங்கள் வரவில்லை.

இது அந்த ஒரு மீளழைப்புக்கு மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்காவில் மீள அழைக்கப்படும் வாகனங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று திருத்தப்படாமலே போகிறது. வாகனத்தின் வயது கூடக் கூட இந்தப் பங்கும் கூடுகிறது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, உதிரிப்பாகம். 2005 செப்டெம்பரில் 38 இலட்சம் வாகனங்களை அழைத்தபோது அத்தனைக்கும் வேண்டிய பாகங்கள் கையிருப்பில் இல்லை. எனவே முகவரிடம் கொண்டு சென்று வேகக் கருவியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பாகம் வந்ததும் மறுபடி வரும்படி உரிமையாளர்கள் கேட்கப்பட்டார்கள். ஒரு வேலைக்கு இரண்டு பயணம். நகரத்தில் முகவரின் கராஜ் அடுத்த தெருவில் இருக்கும். பரந்த வயல்வெளிகளின் நடுவே வாழ்பவருக்கு அது அரை நாள் ஓட்டம். போக வர எரிபொருள். போன நாளில் வேலை இல்லை. “இலவசம்” என்ற சொல்லுக்குள் இந்தச் செலவு அடங்குவதில்லை.

இரண்டாவது, உரிமை மாற்றம். புதிய பிக்கப் வாங்குபவர் வசதி உள்ளவர். சில ஆண்டுகளில் அவர் அதை விற்கிறார். இரண்டாவது, மூன்றாவது கையாக அது சிறு விவசாயியிடமோ கூலித் தொழிலாளியிடமோ வந்து சேர்கிறது. படலம் வெடிக்கும் வயதுக்குச் சுவிச் வந்து சேரும் காலமும் இதுவே. ஆபத்து கூடும் நேரத்தில் வாகனம் ஏழையின் கையில் இருக்கிறது. கடிதமோ பதிவேட்டில் உள்ள பழைய முகவரியைத் தேடிப் போகிறது.

மூன்றாவது, நம்பிக்கையின்மை. தபாற் பெட்டியை நிறைக்கும் விளம்பரக் கடிதங்களுக்கிடையே ஆபத்தை அறிவிக்கும் கடிதமும் ஒன்றாகக் கலந்து, திறக்கப்படாமலே குப்பைக்குப் போகிறது. இதை உணர்ந்த அரசு, கடித உறையின் மேல் சிவப்பு எழுத்தில் முக்கியமான பாதுகாப்பு அறிவித்தல் என்று பொறிக்கப்பட வேண்டுமென்று பின்னர் விதித்தது. நல்ல ஏற்பாடே. ஆனால் வந்து சேராத கடிதத்தின் உறை எந்த நிறத்தில் இருந்தால்தான் என்ன?

நான்காவது, விற்பனைச் சட்டத்தில் உள்ள ஓட்டை. மீளழைப்பு நிலுவையில் உள்ள புதிய வாகனத்தைத் திருத்தாமல் விற்க அமெரிக்க மத்திய சட்டம் இடங்கொடுப்பதில்லை. 2015இல் நிறைவேறிய சட்டம் வாடகைக் கார்க் கம்பனிகளுக்கும் அந்தத் தடையை விரித்தது. ஆனால் பழைய வாகனம் விற்கும் வியாபாரிக்கு மத்திய சட்டத்தில் இவ்விதமான தடை இன்னும் இல்லை. சுற்றுலாவுக்கு ஒரு வாரம் கார் எடுப்பவருக்குக் கிடைக்கும் காவல், கடன்பட்டுப் பழைய பிக்கப் வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை.

இந்த நான்கு காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்குத்தான் வரலாம். மீளழைப்பு முதலில் சென்று சேர்வது புதிய வாகனமும் நிலையான முகவரியும் அருகில் முகவரும் உள்ளவரிடம். கடைசியில் சேர்வது, அல்லது சேராமலே விடுவது, இவை மூன்றும் இல்லாதவரிடம்.

உரிமையாளரின் பொறுப்பு என்ற வாதம்

“கடிதம் அனுப்பியாயிற்று, இலவசம் என்றும் சொல்லியாயிற்று, வராதது அவர் பிழை” என்று சிலர் வாதிடுவர். இதில் ஒரு பங்கு நியாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. கடிதம் கையில் கிடைத்தும் கொட்டாவி விட்டபடி மேசையில் போட்டு வைத்தவர் தம் பொறுப்பைத் தட்டிக் கழித்தவரே. தம் பிள்ளைகள் உறங்கும் வீட்டின் சுவரோடு அந்த வாகனத்தை நிறுத்துபவர் இன்னும் கவனமாய் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் பொறுப்பு என்பது அறிவோடு சேர்ந்தது. அறியாதவரிடம் பொறுப்பை எப்படிச் சுமத்துவது? மூன்றாம் கையாக வாங்கியவருக்கு அந்தச் சுவிச் இருப்பதே தெரியாது. 2014 ஓகஸ்ட் தொடக்கம் வாகன அடையாள இலக்கத்தைக் கொடுத்து நிலுவையில் உள்ள மீளழைப்பை இணையத்தில் எவரும் பார்க்கும் வசதியை அமெரிக்க அரசு செய்து கொடுத்துள்ளது. பெரும் உதவிதான். எனினும், தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கே அது உதவும்.

இன்னொரு வாதமும் உண்டு. பல இலட்சம் வாகனங்களில் தீப்பற்றியவை சில நூறு மட்டுமே, இதற்காக இவ்வளவு ஆரவாரம் வேண்டுமா என்று கேட்பர். கணக்கில் பார்த்தால் ஒரு தனி வாகனத்துக்குரிய ஆபத்துச் சிறியதுதான். ஆனால் இந்த ஆபத்தின் தன்மை வேறு. வீதியில் ஓட்டுபவர் தம் கண்ணையும் கையையும் நம்பி ஓரளவு தப்பலாம். நள்ளிரவில் கொட்டகைக்குள் மூளும் தீக்கு முன் அந்தத் திறமை எதற்கும் உதவாது. எரிவது உறங்குபவரின் வீடு. அத்துடன், பரிகாரம் ஒரு பியூஸ். விலை மலிந்த பரிகாரம் கையில் இருக்கும்போது சிறிய ஆபத்தையும் விட்டு வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

இவையெல்லாம் பழங்கதை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2018 டிசம்பரில் அதே கம்பனி வட அமெரிக்காவில் சுமார் 8 இலட்சத்து 74 ஆயிரம் பிக்கப்களை மீள அழைத்தது. குளிர் நாடுகளில் இயந்திரத்தை இரவு முழுதும் வெதுவெதுப்பாக வைக்க வீட்டு மின்னில் செருகும் கேபிளுக்குள் நீரும் உப்பும் புகுந்து அரித்ததே காரணம். 2023இல் இன்னொரு கம்பனியின் ராம் டீசல் பிக்கப்கள் ஏறக்குறைய 3 இலட்சம், இயந்திரத்துக்குள் செல்லும் காற்றைச் சூடாக்கும் கருவியின் மின் இணைப்பு அளவுக்கு மீறிச் சூடேறக்கூடும் என்பதனால் மீள அழைக்கப்பட்டன. வாகனங்களில் மின் கருவிகள் ஆண்டுக்காண்டு பெருகுகின்றன. எந்நேரமும் மின் காத்திருக்கும் வயர்களும் பெருகுகின்றன.

வேறு வழி உண்டா?

உண்டு என்பதற்கு ஜேர்மனி ஒரு சான்று. அங்கு மீளழைப்பு நடக்கும்போது வாகனப் பதிவேட்டை வைத்திருக்கும் மத்திய அலுவலகம் தற்போதைய உரிமையாளரின் முகவரியைத் தேடிக் கொடுக்கிறது. பாரதூரமான குறைபாட்டைத் திருத்தாமல் விடும் வாகனம் வீதியில் ஓடுவதையே அதிகாரிகள் தடைசெய்யலாம். அமெரிக்காவிலும் மேரிலாண்ட் மாநிலம் வாகனப் பதிவைப் புதுப்பிக்கும்போதே நிலுவையில் உள்ள மீளழைப்பை உரிமையாளருக்கு அறிவிக்கும் முறையைப் பரீட்சித்துப் பார்த்துள்ளது. ஆண்டுதோறும் எல்லோரும் செல்லும் ஓர் அலுவலகத்தில் செய்தி காத்திருந்தால், பழைய முகவரியைத் தேடிக் கடிதம் அலைய வேண்டியதில்லை.

எமது நாட்டில்

இலங்கையில் எஃப்-150 பிக்கப்கள் ஓடுவதில்லை. அந்தச் சுவிச்சுக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் கடிதம் போய்ச் சேராத நிலை எமக்கு நன்கு பழக்கமானது. எமது வீதிகளில் ஓடும் வான்களிலும் சிறு லொறிகளிலும் கணிசமானவை யப்பானில் ஒருவர் பாவித்து, பின்னர் இங்கு கொண்டுவரப்பட்டவை. யப்பானிலும் மீளழைப்பு நடக்கிறது. தயாரிப்பாளரின் கடிதம் யப்பானியப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரைத் தேடும். வாகனம் கப்பலேறிய பின் அந்தப் பதிவேட்டில் எமது பெயர் எப்படி இருக்கும்?

இங்கு வந்த பின்னரும் நாமே ஒரு தடையைச் சேர்த்துக்கொள்கிறோம். உரிமை மாற்றத்தைப் பதியாமல், கையொப்பமிட்ட பத்திரங்களோடு வாகனத்தைக் கைமாற்றும் “ஓப்பின் பேப்பர்” வழக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். கட்டணம் மிச்சம், அலைச்சல் மிச்சம் என்று கருதுகிறோம். ஆனால் பதிவேட்டில் இருப்பவர் ஒருவர், வாகனத்தை ஓட்டுபவர் இன்னொருவர் என்றால், நாளை எந்த அதிகாரியோ முகவரோ ஆபத்தை அறிவிக்க விரும்பினாலும் எங்கே அறிவிப்பார்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைசெய்யப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்தில் புதிய வாகனம் வாங்க நினைத்தவர்களும் பழையதையே பழுது பார்த்து ஓட்டினார்கள். இதனால் எமது கிராமங்களில் ஓடும் வாகனங்களின் வயதும், அவற்றின் வயர்களின் வயதும், முன்னரைவிடக் கூடியிருக்கின்றன.

நாம் செய்யக்கூடியவை

அரசிடம் மூன்று விடயங்களைக் கேட்க விரும்புகிறோம். பாவித்த வாகனத்தை இறக்குமதி செய்பவர், அதன் சேசிஸ் இலக்கத்துக்கு மீளழைப்பு எதுவும் நிலுவையில் இல்லை என்பதற்குத் தயாரிப்பாளரின் சான்றைக் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போதே மீளழைப்புச் செய்தியும் உரிமையாளருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, வாகனத் தீ தொடர்பான முறைப்பாடுகளைத் தனியாகத் தொகுத்து வெளியிட வேண்டும். ஒரே மாதிரியான நாலு தீ நாலு மாவட்டங்களில் மூண்டால் அதை யாராவது ஒருவர் சேர்த்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

அரசு செய்யும்வரை காத்திராமல் கிராமச் சங்கங்களும் கூட்டுறவுகளும் பிக்கப் வைத்திருக்கும் நிறுவனங்களும் இப்போதே தொடங்கலாம். தம் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு வாகனத்தின் சேசிஸ் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். யப்பானியத் தயாரிப்பாளர்களின் இணையத்தளங்களில் அந்த இலக்கத்தைக் கொடுத்து மீளழைப்பைத் தேடலாம். மொழி தெரியாவிட்டாலும், கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துப் பார்க்கத் தெரிந்த இளைஞர் இன்று இல்லாத கிராமம் இல்லை. சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஊரிலுள்ள பிக்கப், வான் யாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். நிலுவை இருப்பதாகத் தெரிந்தால் உள்ளூர் முகவருக்கு எழுத்தில் அறிவித்து, எழுத்தில் பதில் கேளுங்கள். ஒருவராகக் கேட்பதிலும் பத்துப் பேராகக் கேட்பது பலன் தரும்.

வாங்கிய வாகனத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடிக்கடி போகும் பியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி விடாதீர்கள். பியூஸ் போவது வயறிங்கில் நோய் உண்டு என்பதற்கு அறிகுறி, அதைக் கம்பியால் மறைத்தால் தீயாகத்தான் வெளிப்படும். வெளியில் ஒழுக்கு எதுவும் தெரியாமல் பிரேக் ஒயில் குறைந்துகொண்டு போனால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஹோர்ன், மேலதிக விளக்கு, பாட்டுப் பெட்டி என்று புதிதாக எதைப் பூட்டினாலும் அதற்கென்று தனியான, அளவான பியூஸ் வைக்கும்படி வயறிங் செய்பவரிடம் சொல்லுங்கள். எரிந்த மணம் வந்த வாகனத்தைக் கிடுகுக் கொட்டகையிலோ வைக்கோல் போருக்கருகிலோ நிறுத்த வேண்டாம். நீண்ட நாட்களுக்கு ஓடாமல் நிற்கப்போகும் வாகனத்தின் பற்றரி இணைப்பைக் கழற்றி வைப்பது நல்லது.

இவை யாவும் சிறிய வேலைகள். அமெரிக்காவில் கோடிக்கு மேற்பட்ட வாகனங்களுக்குத் தேவைப்பட்டதும் சிறிய வேலையே. அந்தச் சிறிய வேலை எல்லோரையும் சென்றடையாமைக்குக் காரணம் தொழில்நுட்பக் குறைவோ பணக் குறைவோ அன்று. கடைசியாக வாங்கியவரைத் தேடிச் செல்லும் கடமை எவருக்கு உரியது என்று தீர்மானிக்கப்படாமையே. மீளழைப்பு அறிவிக்கப்பட்ட நாளில் அது முடிந்துவிட்டதாகக் கம்பனியும் அரசும் கருதுகின்றன. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் நாலாவது கையாக வாங்கிய பிக்கப்புக்கும் அந்தப் பியூஸ் பூட்டப்படும் நாளில்தான் அது முடிந்தது என்று நாம் கருதுகிறோம். அந்த நாள் வரும்வரை, தமக்கு வந்த செய்தியை அயலவருக்கும் எடுத்துச் சொல்வது ஒவ்வொருவரதும் கடமையாகும்.